நாக்கோர பயாப்ஸி: மூன்று முறை திரும்பி வந்த ஒரு க்ளெய்ம்

அமெரிக்கப் பல் மருத்துவ கிளினிக்குகளுக்கு பில்லிங் செய்யும் சென்னை, திருச்சி, கோவை அலுவலகங்களில் ஸ்கேலிங், ஃபில்லிங், கிரவுன் கோடுகள் (சிகிச்சைக்கான குறியீடுகள்) சீக்கிரமே கைக்கு வந்துவிடும். பயாப்ஸி (சோதனைக்காகத் திசு எடுப்பது) வந்தால்தான் கை தடுமாறும். நாற்காலியில் நடப்பது பத்து நிமிட வேலைதான். ஆனால் அதற்கு டென்டல் இன்சூரன்ஸ், மெடிக்கல் இன்சூரன்ஸ் என்று இரண்டு கதவுகள் இருக்கின்றன. அதே திசுவுக்கு லேப் தனியாக ஒரு பில் போடுகிறது. போதாததற்கு, சிகிச்சை முடிந்து சில நாள் கழித்துத்தான் நோய் என்னவென்றே தெரியவருகிறது.

கீழே வருவது ஒரே நோயாளியின் கோப்பு அல்ல. இந்த வகை க்ளெய்ம்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை ஒரே கோப்பில் சேர்த்துக் கட்டிய பயிற்சி நிகழ்வு.

நடந்தது

58 வயது ஆண். 30 ஆண்டுகளாக நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். வேலை செய்யும் நிறுவனத்தின் வழியாக டென்டல் பிளான் ஒன்று, மெடிக்கல் பிளான் ஒன்று. வழக்கமான பரிசோதனையில் (அமெரிக்கப் பல் சிகிச்சைக் கோடு டி0120) நாக்கின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது. அளவு 12 × 8 மி.மீ. துணியால் துடைத்தால் போகவில்லை. பின்பக்கம் சிவப்புப் புள்ளிகள். பக்கத்திலிருக்கும் இடது கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் (அமெரிக்க எண் 18) உள்முனை கூராக இருக்கிறது. டாக்டர் அதை மழுக்கிவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். பதினான்காம் நாளும் திட்டு அப்படியே இருக்கிறது. அன்றே மரத்துப்போக ஊசி போட்டு, சிவப்புப் பகுதியும் வரும்படி ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு தையல் போட்டு, வாய் நோயியல் லேபுக்கு அனுப்புகிறார். ஆறாம் நாள் ரிப்போர்ட் வருகிறது: ஊடுருவும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (ஒரு வகைப் புற்று), துண்டின் விளிம்பு வரை இருக்கிறது.

வைத்தியத்தில் குறையே இல்லை. காரணமாக இருக்கக்கூடிய பல்முனையை நீக்கி, இரண்டு வாரம் பார்த்து, மறையாததும் தாமதிக்காமல் வெட்டி அனுப்பியிருக்கிறார். ஆனால் சார்ட்டில் இருந்த நோட் இவ்வளவுதான்:

“நாக்கில் புண், 18 அருகே. பயாப்ஸி. தையல் 2. லேபுக்கு அனுப்பியாச்சு.”

இதற்குப் பிறகு நடந்த எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த ஒரு வரிதான். எந்தப் பக்கம், முன்நாக்கா பின்நாக்கா, துண்டா முழுத் திட்டா, எவ்வளவு பெரிது, ஏன் எடுத்தது — கோடு போடுகிறவர் கேட்கும் ஐந்து கேள்வியில் ஒன்றுக்கும் இதில் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தை அவர் ஊகத்தால் நிரப்பினார்.

முதல் க்ளெய்ம்: டென்டல் பிளானுக்கு, அன்று மாலையே

போன வரிகள் நான்கு: டி0140 (பிரச்சினை சார்ந்த பரிசோதனை), டி7286 (மென்திசு பயாப்ஸி), டி0473 (நுண்ணோக்கிப் பரிசோதனையும் ரிப்போர்ட்டும்), டி9215 (மரத்துப்போகும் ஊசி). டி7286 வரியில் பல் எண் கட்டத்தில் 18.

டி9215 சிஓ-97 என்ற மறுப்புக் குறியீட்டோடு திரும்பியது. ஊசி பயாப்ஸிக்குள் அடக்கம், தனியாகப் பணம் கிடையாது. டி0473 மறுக்கப்பட்டது. அது சரிதான். டி0472, டி0473, டி0474 மூன்றும் திசுவை வாங்கி, வெட்டி, பார்த்து, எழுதிக் கொடுக்கும் நோயியல் நிபுணரின் கோடுகள். 0472 கண்ணால் மட்டும் பார்ப்பது, 0473 நுண்ணோக்கியிலும் பார்ப்பது, 0474 அதோடு அறுவை விளிம்பையும் மதிப்பிடுவது. பாட்டிலில் போட்டுக் கூரியரில் அனுப்பிய கிளினிக் இவற்றைத் தொடக்கூடாது. “லேபுக்கு அனுப்பியாச்சு” என்று படித்ததும் லேப் கோடையும் சேர்த்துவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அது வெறும் டினயலோடு (மறுப்போடு) போகிற பிழை இல்லை. செய்யாத வேலைக்குக் கேட்ட பில் என்று ஆடிட்டில் நிற்கும்.

டி0140-க்கு பதில் டி0170 இருந்திருக்க வேண்டும். முன்பே பார்த்த ஒரு பிரச்சினையை மறுபடி பார்க்கும் மறுமதிப்பீட்டுக்கு அதுதான் கோடு. டி7286 மட்டும் சிஓ-22 என்று நின்றது: வேறு இன்சூரன்ஸ் முதலில் கட்ட வேண்டியிருக்கலாம், மெடிக்கல் பிளானின் இஓபியோடு (எதற்கு எவ்வளவு கட்டினோம் என்று இன்சூரன்ஸ் தரும் விளக்கத் தாள்) வா. கூடவே நோயியல் ரிப்போர்ட்டும் கேட்டார்கள். பல் எண் 18 பற்றியும் ஒரு கேள்வி. நாக்குத் திசுவுக்குப் பல் எண் ஏன்?

இரண்டாவது: ரிப்போர்ட்டைப் பார்த்து மாற்றிய கோடு

ஆறாம் நாள் ரிப்போர்ட்டில் கார்சினோமா என்று வந்ததும், டி7286 போதாது என்று யாரோ முடிவு செய்து டி7413 போட்டார்கள். அது 1.25 செ.மீ. வரையிலான புற்றுக்கட்டியை முழுதாக அகற்றுவதற்கான கோடு. 12 மி.மீ. என்றால் 1.2 செ.மீ., அளவு பொருந்துகிறதே என்ற கணக்கு.

இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். புரொசீஜர் கோடு முதலில் கத்தி என்ன செய்தது என்பதைப் பார்க்கும். டயக்னோசிஸ் கோடுதான் கண்ணாடித் தகட்டில் என்ன தெரிந்தது என்பதைப் பார்க்கும். துண்டா முழுதா என்பது சிகிச்சை முடிந்த நிமிடமே உறைந்துவிடுகிறது. ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் துண்டு எடுத்தது முழு அகற்றலாக மாறாது. டி7286-இன் விளக்கத்திலேயே, அமைப்பு கலையாத திசுவின் ஒரு பகுதியை எடுப்பதற்கு மட்டும், முழு அகற்றல் இதில் சேராது என்று இருக்கிறது. துண்டு எடுத்தால் டி7286. அது புற்றாக இருந்தாலும் சாதாரணத் தடிப்பாக இருந்தாலும் டி7286தான்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. கன்னத்தில் 7 மி.மீ. ஃபைப்ரோமாவை அடியோடு வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, “பயாப்ஸிதானே” என்று டி7286 போடுவார்கள். அது டி7410, 1.25 செ.மீ. வரையிலான தீங்கற்ற கட்டி அகற்றல். அதைத் தாண்டினால் டி7411. அளவு வெட்டுவதற்கு முன் வாயில் அளந்ததாக இருக்க வேண்டும். ஃபார்மலினில் திசு சுருங்கும். லேப் ரிப்போர்ட்டின் அளவை எடுத்துப் போட்டால் 1.3 செ.மீ. கட்டி 1.1 ஆகி, கோடு ஒரு படி இறங்கிவிடும்.

கார்சினோமா கோப்பில் டி7413 என்னவாயிற்று? இணைத்து அனுப்பிய ரிப்போர்ட்டிலேயே “இன்சிஷனல் பயாப்ஸி” என்றும், துண்டின் விளிம்பு வரை நோய் இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. க்ளெய்மை மறுக்க வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. இதைவிடப் பெரிய கேடு ஒன்று பின்னால் காத்திருந்தது. டி7413 தப்பித்தவறிப் பாஸாகியிருந்தால், அடுத்த வாரம் தலை-கழுத்து அறுவை நிபுணர் உண்மையான அகற்றலுக்கு முன்அனுமதி கேட்கும்போது, அந்தக் கட்டி ஏற்கெனவே அகற்றப்பட்டதாக நோயாளியின் பதிவில் இருந்திருக்கும்.

மூன்றாவது: மெடிக்கல் பிளானுக்கு

இப்போது மெடிக்கல் க்ளெய்முக்கான சிஎம்எஸ்-1500 படிவம். சிகிச்சைக் கோடு 41112, டயக்னோசிஸ் (நோய்) கோடு டி37.02. இரண்டுமே தவறு.

41112 என்பது முன்நாக்குக் கட்டியை அகற்றித் தைப்பது. “தையல் 2” என்ற சொல்லைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பகுதியில் பயாப்ஸி என்றால் 41100. பின் மூன்றில் ஒரு பகுதி என்றால் 41105. வாயின் தளம் 41108, அண்ணம் 42100, உதடு 40490, கன்ன–உதட்டு உட்பக்கம் 40808. டென்டலில் மென்திசு எல்லாவற்றுக்கும் ஒரே டி7286. மெடிக்கலிலோ இடம் மாறினால் கோடு மாறும். “நாக்கில்” என்று மட்டும் எழுதும் நோட் டென்டலில் ஒப்பேறலாம், இங்கே ஒப்பேறாது. போட்ட இரண்டு தையலும் 41100-க்குள் அடக்கம்.

டி37.02 “நாக்கின் தன்மை உறுதிப்படாத கட்டி”. இந்த வகைக் கோடுகளின் பெயரே ஆளைக் குழப்பும். டாக்டருக்கு இன்னும் தெரியவில்லை என்பது இதன் பொருள் அல்ல. நுண்ணோக்கியில் பார்த்த பிறகும் தீங்கானதா இல்லையா என்று தீர்மானிக்க முடியவில்லை என்று நோயியல் நிபுணரே எழுதினால்தான் இது வரும். ரிப்போர்ட் வருமுன் அனுப்புவதாக இருந்தால் கண்ணால் கண்டதைத்தான் போட வேண்டும்: வெள்ளைத் திட்டுக்கு கே13.21, லூக்கோபிளேக்கியா. சந்தேகம், இருக்கலாம், என்பவற்றை வெளிநோயாளி கோடிங்கில் உறுதியானதாகப் போடக்கூடாது என்பது ஐசிடி-10-சிஎம் (அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பு) விதி. ஆகவே ரிப்போர்ட்டுக்கு முன் சி02.1 போடுவதும் தவறு. க்ளெய்ம் போகும் நேரத்தில் ரிப்போர்ட் கையில் இருந்தால் உறுதியான நோயைத்தான் போட வேண்டும்: சி02.1, நாக்கு ஓரப் புற்று. வாய்ப் புற்றுக் கோடுகளோடு புகையிலைக் கோடும் சேர வேண்டும் என்பதால் எஃப்17.210. ரிப்போர்ட் வந்த பிறகு பழைய கே13.21-ஐயே அனுப்பிக்கொண்டிருப்பதும் பிழைதான்.

இந்த க்ளெய்ம் 150 என்ற காரணத்தோடு மறுக்கப்பட்டது. அனுப்பிய ஆவணம் இந்த அளவு வேலையைக் காட்டவில்லை என்று பொருள். ஒரு வரி நோட்டை வைத்துக்கொண்டு அப்பீல் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

நோட்டைச் சரி செய்தது

பழைய வரியை அழித்து எழுதக்கூடாது. அதைத் தொடாமல் கீழே தாமதப் பதிவு சேர்க்க வேண்டும். சிகிச்சை நாள் தனி, எழுதும் நாள் தனி, எழுதியவர் கையெழுத்து, எந்த ஆதாரத்தைப் பார்த்து எழுதுகிறார் என்ற குறிப்பு. மின்னணு சார்ட் என்றால் ஆடிட் டிரெயில் எல்லாவற்றையும் வைத்திருக்கும். அழித்தது தெரிந்தால் உண்மையான வரியும் பொய்யாகிவிடும். இந்தக் கோப்பில் கைகொடுத்தவை மூன்று: ஸ்கேல் வைத்து எடுத்த இரண்டு புகைப்படங்கள், ஒப்புதல் படிவம், லேப் படிவத்தின் நகல். டாக்டர் எழுதிய பதிவு இப்படி வந்தது:

“இடம்: நாக்கின் இடது ஓரம், சர்க்கம்வாலேட் பாப்பிலா வரிசைக்கு முன்னால். தோற்றம்: 12 × 8 மி.மீ. வெள்ளைத் திட்டு, துடைத்தால் போகாதது, பின்பகுதியில் சிவப்புப் புள்ளிகள். காலம்: முதலில் கண்டு 14 நாள், 18-இன் முனையை மழுக்கிய பின்னும் மாற்றமில்லை. அபாயக் காரணி: தினம் ஒரு பாக்கெட், 30 ஆண்டு. நோக்கம்: டிஸ்பிளேசியா அல்லது கார்சினோமா இல்லை என உறுதி செய்ய. செய்தது: இன்சிஷனல் பயாப்ஸி, சிவப்புப் பகுதியும் ஓரத்து இயல்பான திசுவும் சேர ஆப்பு வடிவத் துண்டு 6 × 4 × 4 மி.மீ.; மீதித் திட்டு அப்படியே உள்ளது. தையல் 2. மாதிரி ஒன்று, ஃபார்மலினில், அதே நாளில் அனுப்பப்பட்டது.”

சர்க்கம்வாலேட் பாப்பிலா என்பது முன்நாக்கையும் பின்நாக்கையும் பிரிக்கும் மொட்டு வரிசை; டிஸ்பிளேசியா என்பது புற்றுக்கு முந்தைய செல் மாற்றம். “மீதித் திட்டு அப்படியே உள்ளது” என்ற நான்கு சொல் போதும், துண்டா முழுதா என்ற கேள்வி தீர்ந்தது. ஊசி மருந்து எத்தனை கார்ட்ரிட்ஜ் என்பது எந்தத் தாளிலும் இல்லை. அதனால் பதிவில் சேர்க்கவில்லை. “வழக்கமாக ஒன்றுதான் போடுவோம்” என்பது ஆதாரம் ஆகாது. அன்றைக்கே எழுதியிருந்தால் 2% லிடோகெய்ன், 1:100,000 எபிநெஃப்ரின், 1.7 மி.லி. கார்ட்ரிட்ஜ் ஒன்று, 34 மி.கி. என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

நோயாளிக்கு முடிவு சொன்ன நாள், நேரம், சொன்னவர், அறுவை நிபுணருக்கு ரிப்போர்ட் போன நாள் ஆகியவையும் தனிப் பதிவாக ஏறின. பில்லிங்குக்கு இது வேண்டியதில்லை. ஆனால் புற்று ரிப்போர்ட் ஒன்று கையெழுத்தாகாமல் ஃபேக்ஸ் தட்டில் கிடந்தது என்ற நிலை வந்தால், டினயல்தான் அந்தக் கோப்பின் ஆகச் சின்னக் கவலையாக இருக்கும்.

சரியாகப் போன க்ளெய்ம்

மெடிக்கல் முதலில். சிஎம்எஸ்-1500-இல் 21-ஆம் கட்டத்தில் ஐசிடி குறியீடு 0, ஏ-யில் சி02.1, பி-யில் எஃப்17.210. 24பி-யில் இடம் 11, கிளினிக். 24டி-யில் 41100, 24இ-யில் அந்த இரண்டையும் சுட்டும் ஏபி, 24ஜி-யில் 1. முன்பு போன க்ளெய்மைத் திருத்துவதால் 22-ஆம் கட்டத்தில் 7-ம் பழைய க்ளெய்ம் எண்ணும். இது இல்லாமல் புதிதாக அனுப்பினால் டூப்ளிகேட் என்று தள்ளிவிடுவார்கள். தாமதப் பதிவும் நோயியல் ரிப்போர்ட்டும் இணைப்பு. பரிசோதனைக்குத் தனி ஈ/எம் கோடும் (டாக்டரின் மதிப்பீட்டுக்கான கோடு), அது பயாப்ஸியிலிருந்து தனி என்று காட்டும் 25 மாடிஃபையரும் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம். அன்று திட்டை மறுபடி பார்த்து வெட்டலாம் என்று முடிவெடுத்தது பயாப்ஸியின் பகுதியே. அதற்கு மேல் தனியாக நிற்கும் மதிப்பீடு எதுவும் நோட்டில் இல்லை. மெடிகேர் (முக்கியமாக 65 தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) கட்டண அட்டவணையில் 41100-க்குப் பத்து நாள் குளோபல் (தொடர் கவனிப்பும் அதே கட்டணத்தில் அடங்கும் காலம்) உண்டு. தையல் பிரிக்க வருவதும் அதற்குள் அடங்கும்.

மெடிக்கல் இஓபி வந்த பிறகு டென்டல். ஏடிஏ (அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம்) படிவத்தில் டி7286 ஒன்று, டி0170 ஒன்று. பல் எண் கட்டம் காலி. வாய்ப் பகுதி என்ற 25-ஆம் கட்டத்தில் 10, 20, 30, 40 என்று வாயின் நான்கு கால்பகுதிகளும், 00 என்று முழு வாயும் இருக்கின்றன. நாக்குக்கென்று ஒரு எண் இல்லை. பேயர் (பணம் கட்டும் இன்சூரன்ஸ்) கேட்பதைப் போட்டுவிட்டு 35-ஆம் கட்டத்தில் “நாக்கின் இடது ஓரம், ஒரு மாதிரி, இன்சிஷனல்” என்று எழுதிவிட்டால் கேள்வி வராது. 34-இல் ஏபி (இங்கே அது ஐசிடி-10-க்கான குறி), 34ஏ-யில் சி02.1, 29ஏ-யில் சுட்டி ஏ.

இதற்குமுன் பார்க்க வேண்டியது ஒன்று: அந்தப் பல் மருத்துவர் மெடிக்கல் பிளானில் சேர்ந்திருக்கிறாரா? இல்லையென்றால் கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பி7 (இவருக்கு இந்தப் பணம் பெறத் தகுதி இல்லை என்ற மறுப்பு) வரும், அல்லது வெளி நெட்வொர்க் கணக்கில் நோயாளி தலையில் விழும். 65 தாண்டிய நோயாளி என்றால் இன்னும் கவனம். பற்களையும் அவற்றை நேரடியாகத் தாங்கும் பகுதிகளையும் சார்ந்த சிகிச்சையைத்தான் சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தின் 1862(ஏ)(12) மெடிகேரிலிருந்து விலக்குகிறது. நாக்குத் திசு அதில் வராது, பார்ட் பி (மெடிகேரின் மருத்துவர் கட்டணப் பிரிவு) கதவு திறந்திருக்கிறது. ஆனால் மருத்துவர் மெடிகேரில் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது முறைப்படி விலகியிருக்க வேண்டும். க்ளெய்முக்குக் காலக்கெடு சிகிச்சை நாளிலிருந்து ஓர் ஆண்டு.

அடுத்த வீட்டுக் கோடுகள்

தாடை எலும்பிலிருந்து துண்டு எடுத்தால் டி7285. வேர்முனை அறுவை சிகிச்சையில் சுரண்டி எடுத்த திசுவுக்கு டி7285-ம் கிடையாது, டி7286-ம் கிடையாது. அந்த அறுவைக்குள்ளேயே அது அடக்கம். பணம் இல்லை என்பதற்காகத் திசுவைக் குப்பையில் போடக்கூடாது. லேபுக்கு அனுப்பினால் லேப் தன் பில்லைத் தானே போட்டுக்கொள்ளும். பல் சார்ந்த நீர்க்கட்டியை முழுதாக எடுத்தால் டி7450, 1.25 செ.மீ. தாண்டினால் டி7451. சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளை எடுத்து அனுப்புவதற்கு 2024 முதல் டி7284 என்று தனிக் கோடு இருக்கிறது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு அதற்கு டி7286 போடுகிறவர்கள் இன்னும் உண்டு.

தூரிகை பயாப்ஸி டி7288. சுழலும் தூரிகையால் மேற்தோலின் எல்லா அடுக்கிலிருந்தும் செல்களை எடுப்பது. லேசாகச் சுரண்டி மேல்செல்களை மட்டும் எடுத்தால் டி7287. இரண்டும் டி7286-க்கு மாற்று இல்லை. சந்தேகத்துக்குரிய புண்ணுக்கு நேரே வெட்டி எடுக்கும் பயாப்ஸிதான் என்றும், நோயாளி மறுத்தால் மட்டுமே செல் பரிசோதனையை யோசிக்கலாம் என்றும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2017 வழிகாட்டி சொல்கிறது. டி7288 பில் போகும்போது “வெட்ட நோயாளி சம்மதிக்கவில்லை” என்ற வரி நோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டிலும் படிவமும்

பில்லிங் ஆட்களுக்கு இது சம்பந்தமில்லாத பகுதி போலத் தோன்றும். ஆனால் “மாதிரி போதவில்லை” என்று ரிப்போர்ட் வந்தால் மறுபடி பயாப்ஸி, மறுபடி க்ளெய்ம், இரண்டாவது ஏன் என்று கடிதம். 10% நடுநிலை பஃபர் ஃபார்மலின், திசுவின் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு. லேபிள் மூடியில் அல்ல, பாட்டில் உடம்பில். லேபில் மூடியைக் கழற்றி வைத்ததும் மூடியில் எழுதிய பெயர் அடையாளத்தை இழக்கும். முனையில் பற்கள் உள்ள இடுக்கியால் (ஃபோர்செப்ஸ்) நசுக்கினால் செல்கள் உருத்தெரியாமல் போகும். லேசர், மின்சூடு பட்ட விளிம்பும் அப்படித்தான். பெம்ஃபிகாய்டு, பெம்ஃபிகஸ் (கொப்புள நோய்கள்) சந்தேகத்தில் நேரடி இம்யூனோஃப்ளூரசன்ஸ் (ஒளிரும் சாயச் சோதனை) வேண்டுமென்றால் அந்தத் துண்டு ஃபார்மலினில் விழவே கூடாது. அதற்கு மிஷெல் திரவம், தனிப் பாட்டில். இரண்டு இடத்தில் எடுத்தால் இரண்டு பாட்டில். ஒரே பாட்டிலில் இரண்டையும் போட்டுவிட்டு இரண்டு வரி பில் போட்டால் எந்த ரிப்போர்ட் எந்த இடத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கோப்பில் கடைசியாக மிஞ்சியது லேப் பில். நோயாளி வீட்டுக்கே முழுத் தொகையும் போய்விட்டது. லேப் படிவத்தோடு கிளினிக் இணைத்திருந்தது டென்டல் கார்டின் நகல் மட்டும். லேபுக்கு வேண்டியது மெடிக்கல் கார்டு. நாக்கு பயாப்ஸியை அவர்கள் 88305 (திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான மெடிக்கல் கோடு) என்று மெடிக்கல் பிளானுக்குத்தான் அனுப்புவார்கள். கார்டின் இரு பக்க நகலையும் சி02.1-ஐயும் லேபின் பில்லிங் பிரிவுக்கு அனுப்பியதும், நோயாளி மேல் போட்ட பில்லை நிறுத்திவிட்டு இன்சூரன்ஸுக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கிளினிக்கின் லேப் படிவத்தில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: மெடிக்கல் கார்டு, முன்பக்கம், பின்பக்கம்.